நானூற்றைம்பதில் ஓடிய முன்னூறு

தி. நகரில் என் நண்பனின் அப்பா வைத்திருந்த ஜவுளிக்கடையின் மாடி அறையில் மூன்று கேம் கன்ஸோல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண் இழந்தன. அதற்குப் பிறகுதான் அந்தப் பஞ்சை நான் கவனித்தேன். கீழே நாளெல்லாம் துணியைப் பிரித்து உதறி மடிக்கிறார்கள். உதறும்போது பறக்கிற பஞ்சு படியேறி மாடிக்கு வருகிறது. சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழும்போது மட்டும் அறை முழுக்க ஏதோ மெதுவாக நீந்திக்கொண்டிருப்பது தெரியும். கன்ஸோலுக்குள் குறுவட்டைப் படிக்கிற லென்ஸ் மேல் அது படியும். முதலில் பாட்டு திக்கும். அப்புறம் படம் உறையும். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால் கொஞ்ச நாள் ஓடும். அப்புறம் அதுவும் இல்லை.

அறை பன்னிரண்டடிக்குப் பத்தடி இருக்கும், மேலே ஆஸ்பெஸ்டாஸ். பட்டு எடுக்க வருகிற குடும்பத்தில் பெண்கள் கீழே உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மதியம் ஆகும். கூட வந்த பையன்கள் பத்து நிமிஷத்தில் நச்சரிக்க ஆரம்பிப்பார்கள், அரை மணியில் அப்பாக்களும். அவர்களை மேலே அனுப்பி டிவி முன்னால் உட்கார வைத்து, மணிக்கு இவ்வளவு என்று வாங்கலாம் என்பது என் நண்பனின் யோசனை. அவனுக்கும் எனக்கும் பள்ளிக்கூடத்திலிருந்தே சேர்க்கை. நான் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம், அவன் பி.காம். இரண்டு பேப்பர் நிலுவையில் வைத்துவிட்டு வீட்டில் இருந்தான். எனக்கு அவன் மச்சி. அவனுக்கு நான் மக்கா. அவர்கள் திருநெல்வேலிப் பக்கம். இங்கே வந்து இருபது வருஷமாகியும் பேச்சு மட்டும் வரவில்லை, ஊரிலேயே நின்றுவிட்டது.

அவன் அப்பா யோசனையை எதிர்க்கவில்லை. கெடு மட்டும் வைத்தார். தீபாவளிச் சரக்கு வருகிறபோது இந்த அறைக்கு வேலை இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் அறை குடோன் ஆகும். அவன் ஊருக்குப் போய், சித்தப்பா பார்த்துக்கொண்டிருக்கிற பழைய கடையில் கல்லாவில் உட்கார வேண்டும். அந்தக் கடையைப் பற்றி அவன் ஒருமுறைதான் பேசினான். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்தத் தெருவில் நாய்கூட நடக்காது என்றான். அதைச் சொல்லும்போது அவன் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை.

கன்ஸோல்கள் மூன்றும் படுத்ததும் நான்தான் வழி சொன்னேன். கம்ப்யூட்டரையே கன்ஸோல் என்று நம்ப வைக்கிற எமுலேட்டர் என்னும் சாஃப்ட்வேர் அப்போது புதுசாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. குறுவட்டை ஒருமுறை ஹார்ட் டிஸ்கில் ஏற்றிவிட்டால் அப்புறம் லென்ஸே வேண்டாம். பஞ்சு எங்கே வேண்டுமானாலும் படியட்டும். இதைக் கேட்டதும் அவன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று கம்ப்யூட்டர், அவற்றுக்கு மூளையாக ஒரே மாதிரி மூன்று சிப். எந்தச் சிப் என்பதை நான் சொல்ல வேண்டும்.

எனக்கு வேறு வேலையே இல்லாமல் போயிற்று. லஸ் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டர். அங்கே ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம். எமுலேட்டர்காரர்கள் ஒருவரையொருவர் திட்டிக்கொள்கிற பக்கங்களை எல்லாம் பிரிண்ட் எடுத்து, பஸ்ஸில், கிளாஸில், சாப்பிடும்போது படித்தேன். தட்டுக்குப் பக்கத்தில் காகிதத்தைப் பார்த்து அம்மா, ஆத்துல யாரும் இல்லாத மாதிரி சாப்பிடறியே என்பாள்.

விஷயம் இதுதான். பழைய காலத்து, தட்டையான படம் போடுகிற கன்ஸோல் ஆட்டத்துக்கு எந்தச் சிப்பும் போதும். ஆனால் கூட்டம் கேட்டது கார் ரேஸ், சண்டை எல்லாம் முப்பரிமாணமாக வருகிற குறுவட்டு ஆட்டம். அதற்கு வேகம் வேண்டும். தசமப் புள்ளிக் கணக்கில் பலமும் வேண்டும் என்று எல்லாரும் அடித்துச் சொன்னார்கள். கையில் இருந்த பணத்துக்கு இரண்டு வகைச் சிப் வந்தன. ஒன்று, போட்டிக் கம்பெனியுடையது: விலை குறைவு, சாதாரண வேலையில் சூரன், புள்ளி வைத்த கணக்கு வந்தால் மூச்சு வாங்கும். இன்னொன்று பெரிய கம்பெனி ஏழைகளுக்காகச் செய்த முன்னூறு மெகாஹெர்ட்ஸ் சிப். அப்படியே போட்டால் அதுவும் பிரமாதமில்லை. ஆனால் மதர்போர்டில் ஜம்பர் என்று நகக்கண் அளவுக்கு ஒரு செருகி இருக்கிறது. போர்டின் துடிப்பை நிர்ணயிக்கிற அதை அறுபத்தாறிலிருந்து நூறுக்கு நகர்த்தி வைத்தால் முன்னூறு, நானூற்றைம்பதில் ஓடும். உண்மையான நானூற்றைம்பது வாங்க வேண்டுமென்றால் ஒன்றரை மெஷினோடு பணம் தீர்ந்துவிடும். ஜம்பரை நகர்த்தக் காசு வேண்டியதில்லை.

படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. உலகத்தில் யாருக்கும் தெரியாத பின்வாசல் ஒன்று எனக்கு மட்டும் திறந்த மாதிரி இருந்தது. மதர்போர்டு கையேட்டில் அந்தப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் சூட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை இருந்தது. அதையும் படித்தேன். எழுத்து சிறியது என்பதால் விஷயமும் சிறியது என்று எடுத்துக்கொண்டேன்.

ரிச்சி தெருவில் மாடிப்படிக்கு அடியில் கம்ப்யூட்டர் சாமான் கடை போட்டிருந்தவரிடம் போனோம். மூன்று முன்னூறு என்று கேட்டதும் அவர் சிப்பை எடுக்கவில்லை, எங்கள் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா நைனா, ஜம்பர் மாத்தி ஓட்டப் போறீங்களா?”

நான் மழுப்பினேன். அவர் சிரித்தார்.

“வாரத்துக்கு நாலு பேர் வர்றான். ஓடும், சோக்கா ஓடும். எத்தினி நாளுன்னு மட்டும் என்னாண்ட கேக்காதே. திருப்பி எட்த்துக்கினு வராதே. அவ்ளோதான்.”

நண்பன் என் பக்கம் திரும்பி, “ஏன் மக்கா, போயிருமா?” என்றான். இவர் அந்த விலை கூடிய சிப்பை நம் தலையில் கட்டப் பார்க்கிறார், இதெல்லாம் வியாபாரப் பேச்சு என்று சொன்னேன். அவன் நம்பினான். கடைக்காரர் மூன்று பெட்டியையும் சணல் கயிற்றில் கட்டிக் கொடுத்தார்.

ஓடியது. அதை மறைப்பதற்கில்லை. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் மாடிப்படி முழுக்கச் செருப்பு கிடந்தது. கார் வளைவில் திரும்பும்போது சக்கரத்தின் புகைகூடத் திக்காமல் வந்தது. அடையாறிலிருந்தும் திருவான்மியூரிலிருந்தும் பையன்கள், துணி எடுக்க வேண்டிய அவசியமே இல்லாமல், அம்மாக்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். அவன் அப்பா ஒருநாள் மேலே ஏறி வந்து வாசலில் நின்று பார்த்தார். மணிக்கு எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்கவில்லை. கீழே ஒரு குடும்பம் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்து மூன்றாவது பட்டுப் புடவையையும் எடுத்துவிட்டுப் போயிருக்கிறது. பையன் மேலே இருந்தான், யாரும் அவர்களை அவசரப்படுத்தவில்லை. “நடக்கட்டும்ல” என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். அன்றைக்கு என் நண்பன் எனக்கு இரண்டு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தான்.

ஆவணியில் முதல் மெஷின் ஒரு காலையில் கிளம்பவில்லை. விசிறி சுற்றுகிறது, திரை கறுப்பாகவே இருக்கிறது. அணைத்து மறுபடி போட்டதும் வந்துவிட்டது. நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில நாள் கழித்து இரண்டாவதும் அப்படிச் செய்தது. திறந்து பார்த்தேன். சிப்பின் சூட்டை வாங்கி வெளியே விட அதன் மேல் இருக்கிற அலுமினியச் சீப்பின் பல் இடுக்கெல்லாம் பஞ்சு. வெள்ளையாக இல்லை, மெரூன், மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் என்று அந்த சீசனில் விற்ற நிறம் எல்லாம் கலந்து, கெட்டியாக, கம்பளி மாதிரி அடைந்திருந்தது. லென்ஸை விட்டுவிட்டு அது இங்கே வந்திருந்தது. பெயிண்ட் பிரஷ்ஷால் எடுத்தேன். ஒரு வாரத்தில் மறுபடி அடைந்தது. இடையில் போர்டில் வோல்டேஜை ஒரு புள்ளி கூட்டி வைத்தேன். அதன் பிறகு முதல் தடவையிலேயே கிளம்பியது. சூடும் ஒரு புள்ளி கூடியது. பெட்டியின் மேல் வைத்த கையைக் கொஞ்ச நேரத்தில் எடுக்க வேண்டியிருந்தது.

புரட்டாசி வந்தபோது நிலைமை இப்படி ஆகிவிட்டது: ஒருமுறை கிளம்பிவிட்டால் நாளெல்லாம் ஓடும், அணைத்தால்தான் பயம். மறுபடி வர ரீசெட் பொத்தானை அழுத்தி, கொஞ்சம் காத்து, மறுபடி அழுத்தி, கதவுக்கு வெளியே பையன்கள் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நிற்க, அவன் நெற்றியில் வியர்வை வரும். ஜம்பரைப் பழையபடி அறுபத்தாறுக்கே வைத்துவிடலாம் என்று சொன்னேன். வைத்தும் பார்த்தோம். கிளம்புவதில் பிரச்சினையே இல்லை. ஆனால் கார் தண்ணீருக்குள் போகிற மாதிரி போயிற்று. என்ஜின் சத்தம் விக்கியது. ஒரு பையன் எழுந்து காசைத் திருப்பிக் கேட்டான். அன்று மத்தியானமே ஜம்பர் நூறுக்குப் போயிற்று.

அப்புறம் அவன் மெஷின்களை அணைப்பதையே நிறுத்திவிட்டான். கடை பூட்டிய பிறகும் அவை ஓடின. கரண்ட் போனால் தாங்க ஒரு யுபிஎஸ் வாங்கினான். அப்பாவுக்குத் தெரியாமல் இருக்க, போகும்போது மானிட்டரை மட்டும் அணைத்துவிடுவான். மேலே மூன்று பெட்டி இருட்டில் ஓடிக்கொண்டிருக்கும். நான் மயிலாப்பூரில் சாம்பார் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சம்பந்தமில்லாமல் அதன் நினைப்பு வரும். யாரும் ஆடாமலே அங்கே அந்தக் கார் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது என்று.

ஆயுத பூஜையை நாங்கள் இரண்டு பேருமே மறந்திருந்தோம்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக் கொலுவுக்கு ஆள் வந்துகொண்டிருந்தது. அம்மா சுண்டல் மடித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அவன்தான். குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. முதலில் எனக்கு எதுவும் புரியவில்லை. நிறுத்தி நிறுத்திக் கேட்டுத்தான் வாங்கினேன்.

காலையில் கடையில் பூஜை. கத்தரிக்கோல், மீட்டர் ஸ்கேல், தையல் மெஷின், கால்குலேட்டர், கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். அவர்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளிச் சரக்கில் முதலாவதாகப் பிரிக்கிற பட்டுப் புடவையை யாருக்கும் காட்டுவதில்லை. ஆயுதங்களின் மேல் போர்த்திவிடுவார்கள். ஒரு நாள் எல்லாமே ஓய்ந்து கிடக்க வேண்டும். மறுநாள் விஜயதசமிக்குப் பட்டை எடுத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். வழக்கமாக அது கத்தரிக்கோலுக்கும் ஸ்கேலுக்கும் நடக்கும். இந்த வருஷம் அவன் அப்பாவுக்கு மாடி அறையின் மேல் மரியாதை வந்திருந்தது. அதுவும் ஆயுதம்தானே என்று தானே தட்டோடு மேலே ஏறி வந்திருக்கிறார். மெஷினை அணைத்துவிடு என்றிருக்கிறார். அவனும் அணைத்துவிட்டேன் என்றிருக்கிறான்.

மானிட்டரை அணைத்திருந்தான்.

அவர் மூன்று பெட்டிக்கும் பொட்டு வைத்தார். சாமந்தி மாலை போட்டார். மெரூன் கலரில் புதுப் பட்டை, மூன்றையும் சேர்த்து, பின்பக்கம் தரை வரை தொங்கும்படி போர்த்தினார். கற்பூரம் காட்டினார். விசிறிச் சத்தம் கேட்கவில்லையா என்று கேட்டேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததாம்.

அதுவரைக்கும் அவனுக்கே பயமில்லை. துணியை அப்புறம் வந்து கொஞ்சம் விலக்கிவிடலாம் என்று கீழே இறங்கியிருக்கிறான். மத்தியானச் சாப்பாட்டில்தான் கடை ஆள் ஒருவர், மூட்டை எல்லாம் மேலே போட்டு முதுகு போயிற்று என்று சொல்லியிருக்கிறார். காஞ்சிபுரத்திலிருந்து வந்த சரக்கைக் கீழே வைக்க இடமில்லை. ஒரு நாளைக்குத்தானே என்று மாடி அறையில் மெஷின் மேஜையை ஒட்டி அடுக்கிவிட்டு அவன் அப்பா பூட்டிவிட்டார். சாவி அவர் இடுப்பில். அவர் குடும்பத்தோடு வடபழனி கோயிலுக்குப் போயிருக்கிறார். இவன் மட்டும் தலைவலி என்று வீட்டில் இருக்கிறான்.

“மக்கா,” என்றான். “சும்மாத்தானே கிடக்கு. ஆட்டம் எதுவும் ஓடல. சூடு அவ்வளவா வராதுல்லா?”

சும்மா கிடந்தாலும் அந்தச் சிப் முழுச் சூட்டில்தான் கிடக்கும். அது எனக்குத் தெரியும். வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அம்மா, விளக்கு வெச்ச நேரத்துல எங்கடா கிளம்பறே என்றாள். ஒரு சுண்டல் பொட்டலத்தை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பஸ் முகப்பில் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் பாதி வரை சந்தனம் பூசியிருந்தார்கள். டிரைவர் அந்தச் சந்தனத்துக்கு மேலே எட்டிப் பார்த்து ஓட்டினார். வழியில் இருந்த லேத் பட்டறைகள், மெக்கானிக் ஷெட்டுகள் எல்லாம் அடைத்திருந்தன. பூசணிக்காய் உடைத்த சிவப்பு ரோடெல்லாம் கிடந்தது. ஊரில் இருக்கிற இயந்திரம் அத்தனையும் அன்றைக்கு ஓய்ந்திருக்க, அந்த மூன்று மட்டும் ஓடுகின்றன.

தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் அந்தத் தெருவில் கூட்டம் இல்லாமல் நான் பார்த்ததே இல்லை. அன்று ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன. எதிர்ச்சாரியில் அடைத்துக் கிடந்த ஜூஸ் கடை வாசலில் அவன் நின்றான். என்னைப் பார்க்கவில்லை. மாடி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஏதாவது நகர்கிறதா, நிறம் மாறுகிறதா என்று வெறித்துப் பார்த்தால், பார்க்கிற கண்ணுக்கே ஏதோ நகர்கிற மாதிரி இருக்கிறது. தெருவில் வந்த வாசனை பூசணிக்காயா, கற்பூரமா, வேறு ஏதாவதா என்று பிரிக்க முடியவில்லை.

பூட்டை உடைக்கலாமா என்றேன். முன்ஷட்டர், உள்ளே கொலாப்சிபிள் கேட், அப்புறம்தான் மாடிக்கதவு. உடைக்கிற சத்தத்துக்குத் தெருவே வரும். தெருக் கோடியில் இருக்கிற மெயினை இழுத்துவிடலாமா என்றேன். அப்புறம் என் வாயாலேயே, யுபிஎஸ் இருக்கிறதே என்றேன்.

“அப்பாட்ட சாவி கேட்டா, எதுக்குன்னு கேப்பாங்க. சொல்லணும்.” அவன் மறுபடி ஜன்னலைப் பார்த்தான். “சொன்னா அறை போயிரும். தீபாவளிக்கு அடுத்த நாள் எனக்கு டிக்கெட் போட்டுருவாங்க.”

“நாளைக்குக் காலைல வரைக்கும் ஒண்ணும் ஆகாம இருக்கலாம் மச்சி. இத்தனை நாளா ராத்திரி முழுக்க ஓடிருக்கு.”

“துணி போத்தி ஓடல.”

ஒரு ஆட்டோ மாலையோடு போயிற்று. கடைக்கு இந்தப் பக்கம் நகைக்கடை, அந்தப் பக்கம் இன்னொரு ஜவுளிக்கடை. அதற்கு மேல்மாடியில் அங்கே வேலை பார்க்கிற பெண்கள் தங்கியிருந்தார்கள். அவர்களில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. கொடியில் பாவாடை தாவணி காய்ந்தது. அந்தக் கொடிக்கும் எங்கள் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு கை நீளம்தான். அவன் அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நான் வந்து அங்கிள்கிட்ட சொல்லட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம். நீ சொன்னா அது உன் மெஷினா ஆயிரும்.”

சொல்லிவிட்டு நடந்தான். அவர்கள் வீடு இரண்டு தெரு தள்ளி. நான் அங்கேயே நின்று ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது பேசாமலே முடிவாயிற்று. பார்த்துக்கொண்டிருந்து நான் என்ன செய்ய முடியும் என்பதைப் பற்றி இரண்டு பேருமே பேசவில்லை. சுண்டலை எடுத்து ஒரு வாய் போட்டேன். மீதியை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

அவன் அப்பாவை அழைத்துக்கொண்டு திரும்பி வரும்போது நன்றாக இருட்டியிருந்தது. அவன் அப்பா கோயிலிலிருந்து வந்த கோலத்திலேயே இருந்தார்: பட்டு வேஷ்டி, வெற்றுடம்பில் துண்டு, நெற்றி நிறைய விபூதி. மாடியைத் திறக்க வேண்டும் என்பதற்கு மேல் மகன் எதுவும் சொன்னதாகவோ, அவர் கேட்டதாகவோ தெரியவில்லை. என்னைப் பார்த்து ஒருமுறை தலையசைத்தார். குனிந்து ஷட்டர் பூட்டில் சாவியை நுழைத்தார்.

அப்போது கரண்ட் போயிற்று.

தெரு முழுக்க ஒரே வீச்சில் இருண்டது. பக்கத்து மாடிப் பெண்களின் பேச்சும் நின்றது. அந்த நிசப்தத்தில் மேலேயிருந்து, மூடிய ஜன்னலுக்குப் பின்னாலிருந்து, பீப் என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி.

அவர் சாவியைத் திருப்பாமல் அண்ணாந்து பார்த்தார்.

“என்னல சத்தம் அது?”

“யுபிஎஸ்ப்பா. கரண்ட் போனா கத்தும்.”

“மெஷின் ஓடுனாத்தானே கத்தும்?”

அவன் தலையாட்டினான். இருட்டில் அவருக்கு அது தெரிந்திருக்காது. ஆனால் அவர் திரும்பக் கேட்கவில்லை.

டார்ச் வெளிச்சத்தில் படியேறினோம். கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் வந்து அடித்தது. இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி. வெந்த சாமந்தி வாசனை, அதற்கு அடியில் வார்னிஷ் காய்கிற மாதிரி இன்னொன்று. பட்டு லேசாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே விசிறிகள் காற்றுக்கு முட்டி மோதியதில் அது மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. பீப் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. நான் போய் யுபிஎஸ்ஸை அணைத்தேன். மூன்று விசிறியும் ஒன்றாக இறங்கி நின்றன. பட்டு அடங்கியது.

அவர் அதைத் தூக்கினார். பெட்டிகளின் பின்பக்கம் தொட்டுக்கொண்டிருந்த இடத்தில் கை அகலத்துக்கு மெரூன், பழுப்பாக மாறியிருந்தது. விசிறிக் காற்று வெளியேறுகிற சிறிய கம்பி வலையின் அடையாளம் அதில் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. அவர் டார்ச்சை என்னிடம் கொடுத்துவிட்டு மேஜையை ஒட்டி இருந்த முதல் மூட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்கவில்லை. காய்ச்சல் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார். அப்புறம் அதற்கு அடுத்த மூட்டை. அதற்கு அடுத்தது.

“அணைச்சேன்னு சொன்னியேல,” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. அவர் நிஜமாகவே விவரம் கேட்கிறவர் மாதிரி கேட்டார்.

“அணைச்சா திரும்ப வராதுப்பா.”

“எதுக்கு வராது?”

அவன் என்னைப் பார்க்கவில்லை. அதற்கு நான் பதில் சொன்னேன். முன்னூறு என்றும், ஜம்பர் என்றும், நானூற்றைம்பது என்றும், எனக்கே என் குரல் எட்டாமல், வேகமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். முடித்ததும் ஒன்றுதான் கேட்டார். அது ஓடக்கூடிய அளவுக்கு மேலே ஓட வைத்திருக்கிறீர்கள், அதுதானே? ஆமாம் என்றேன். அவர் போய் ஜன்னலைத் திறந்துவிட்டார். பக்கத்து மாடிக் கொடியில் காய்ந்த தாவணி காற்றில் இந்தப் பக்கமாக வந்து சட்டத்தைத் தொட்டுவிட்டுப் போயிற்று. அவர் அதையும் பார்த்தார்.

மூட்டைகளை நாங்கள் மூன்று பேரும் அந்த இருட்டிலேயே கீழே இறக்கினோம்.

மறுநாள் விஜயதசமி. என்னையும் வரச் சொல்லியிருந்தார். கீழே கத்தரிக்கோலை எடுத்து ஒரு சாண் துணி வெட்டினார்கள். கால்குலேட்டரில் ஒரு கணக்குப் போட்டார்கள். பிறகு மாடிக்கு வந்தார். “போடுல” என்றார். நல்ல நாளில் தொடங்காமல் விடக்கூடாது என்பது அவர் நம்பிக்கை.

முதல் மெஷின்: விசிறி சுற்றியது, திரை கறுப்பு. அவன் ரீசெட்டை அழுத்தினான். காத்தான். அழுத்தினான். இரண்டாவதில் விசிறிகூடச் சுற்றவில்லை. மூன்றாவது ஒரு சின்ன ஒலி எழுப்பிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல், முதல் தடவையிலேயே வந்தது. அவன் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அப்பா பக்கம் திரும்பினான்.

“இது எப்ப நிக்கும்?” என்று அவர் கேட்டார்.

“தெரியாதுப்பா.”

அவர் தலையாட்டினார். தெரியாது என்று அவன் உண்மையைச் சொன்னதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்ததென்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் முடிவு மாறவில்லை. தீபாவளிக் கூட்டம் முழுக்க அவன் கீழே பில் போட்டான். பையன்கள் படியேறிப் பூட்டைப் பார்த்துவிட்டு இறங்கினார்கள். அறையில் துணியும் வைக்கவில்லை, வேறு எதையும் வைக்கவில்லை. பழுப்பு விழுந்த பட்டை என்ன செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

தீபாவளி முடிந்ததும் எழும்பூர் ஸ்டேஷனில் அவனை ஏற்றிவிடப் போயிருந்தேன். மூன்றாவது மெஷினை அவன் சீட்டுக்கு அடியில் தள்ளாமல், போர்வையில் சுற்றி மடியில் வைத்திருந்தான். ஜம்பரை அறுபத்தாறுக்கு மாத்திடு மச்சி, அப்புறம் ஆயுசுக்கும் ஓடும் என்றேன். சரி என்றான். அவன் அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் அவன் போன் செய்தான். கடையைச் சாப்பாட்டுக்கு அடைத்துவிட்டு எஸ்டிடி பூத்தில் நிற்கிறேன் என்றான். கடைக்கு மேலே அவனுக்கு ஒரு அறை கொடுத்திருக்கிறார்களாம். ஓடு வேய்ந்த அறை, காற்று நன்றாக வருகிறதாம். வியாபாரம் சுமார். பின்னணியில் ஒரு சைக்கிள் மணிகூடக் கேட்கவில்லை. மெஷின் எப்படி இருக்கிறது என்றேன்.

“பிரமாதமா ஓடுது மக்கா. காரு திரும்பும்போது புகைகூட வருது.”

அறுபத்தாறில் அந்தப் புகை வராது. நான் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“சாப்பாட்டுக்கு அடைச்சுட்டு வந்தேன்னியே. மெஷினை அணைச்சுட்டுத்தானே வந்தே?”

பூத்தில் மீட்டர் டிக் டிக்கென்று ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.